மாலத்தீவுக்காரர்களுக்குப் பவளப்பாறை என்றால் என்ன?

ஆச்சி இருந்த வரைக்கும் எங்கள் அடுக்களையில் ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே கரி பிடித்த விறகுத்துண்டு மாதிரி ஒரு சாமான் இருக்கும். அதுதான் மாசி. அம்மியில் வைத்துத் தட்டித் தூளாக்கி, தேங்காய்ப்பூ, வத்தல், சின்ன உள்ளி எல்லாம் சேர்த்து ஆச்சி சம்பல் அரைப்பாள். பழைய சோற்றுக்கு அதைவிடத் தோதான துணை வேறு கிடையாது. "இது மாலத்தீவுச் சரக்கு"ன்னு மட்டும் சொல்வாள். மாலத்தீவு எங்கே இருக்கிறது, அங்கே இது எப்படி மரக்கட்டை ஆகிறது என்றெல்லாம் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பல வருஷம் கழித்து, பவளப்பாறைகளைப் பற்றிக் குறிப்பு எடுக்கும்போதுதான் அந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது. பவளப்பாறை என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? நீலத் தண்ணீர், வண்ண மீன்கள், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதக்கும் சுற்றுலாப் பயணி. அந்தப் பாறையின் மேலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே புதைக்கப்படுகிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும்? இந்தக் கேள்விதான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

பெயரில் இருந்து தொடங்குவோம்

உலகமே பயன்படுத்தும் 'அட்டோல்' என்ற சொல், மாலத்தீவின் திவெஹி மொழியில் உள்ள 'அத்தொளு'விலிருந்து போனது. வளையம் மாதிரி அமைந்த பவளத்திட்டுக்கு அது பெயர். 1834 முதல் 1836 வரை ராபர்ட் மோர்ஸ்பி என்ற கடற்படை அதிகாரி இந்தத் தீவுகளை அளந்து வரைபடம் போட்டார். மாலத்தீவுக்கு ஒருநாளும் வராத சார்லஸ் டார்வின், அந்த வரைபடங்களையும் பயன்படுத்தி 1842இல் பவளத்திட்டுகளைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அவருடைய விளக்கம் சுருக்கமாக இது: கடலுக்கு நடுவே ஒரு எரிமலைத் தீவு. அதன் ஓரமாகப் பவளம் வளர்கிறது. எரிமலை மெள்ள மெள்ள அமிழ்கிறது. பவளமோ வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்கிறது. கடைசியில் எரிமலை காணாமல் போய்விடும், வளையம் மட்டும் மிஞ்சும்.

அந்த வளையத்தின் மேல் மணல் சேர்ந்த மேடுகள்தான் தீவுகள். மாலத்தீவில் அப்படிக் கிட்டத்தட்ட 1,190 தீவுகள் இருக்கின்றன. ஆள் குடியிருப்பது 190க்கும் குறைவு. மொத்த நிலத்தையும் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அதில் எண்பது சதவீதம் கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர்கூட மேலே இல்லை.

திவெஹியில் நம்முடைய 'பவளப்பாறை' மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிற சொல்லைவிட, இடத்தைக் குறிக்கிற சொற்கள்தான் புழக்கத்தில் அதிகம். அலை உடைகிற திட்டு 'ஃபரு'. தண்ணீர் மட்டம் வரை எழும்பி நிற்கும் சின்னத் திட்டு 'கிரி'. சில மீட்டர் ஆழத்தில் உச்சி மறைந்திருப்பது 'திலா'. திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு 'ஃபல்ஹு'. இரண்டு திட்டுகளுக்கு நடுவில் நீரோட்டம் ஓடும் வாய்க்கால் 'கந்து'. மரம் மட்டை இல்லாத மணல் திட்டு 'ஃபினொல்ஹு'. படகு ஓட்டுகிறவன் பார்வை இது. எங்கே தட்டும், எங்கே நுழையலாம், எங்கே மீன் நிற்கும் என்பதுதான் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது.

நம் ஊர்க் கடலிலும் இப்படித்தான். தூத்துக்குடிப் பக்கம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்த இடம் முத்துப்பார். ஃபருவுக்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்துவதால், இனி நானும் 'பார்' என்றே எழுதுகிறேன்.

பார் என்பது இரைக்கிடங்கு

மாசிக்கு வருவோம். மாசி என்பது சூரை மீன். அவித்து, புகையில் காட்டி, வெயிலில் உலர்த்தி எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது. 1343இல் மாலத்தீவுக்குப் போய்க் கொஞ்ச காலம் காஜியாகவும் இருந்த இப்னு பதூதா, அங்கிருந்து உலர்ந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதை எழுதி வைத்திருக்கிறார். இலங்கையில் சிங்களவர்கள் 'உம்பலகட' என்பதும் இதைத்தான்.

சூரை வெளிக்கடல் மீனாச்சே, பாருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் சூட்சுமம். மாலத்தீவுக்காரர்கள் பாரம்பரியமாகச் சூரையை வலையில் பிடிப்பதில்லை. கழியும் தூண்டிலும்தான். முதலில் பார் ஓரமாகவும் உள்கடலிலும் நெத்திலி, அது மாதிரிப் பொடி மீன்களை உயிரோடு பிடிக்க வேண்டும். படகுக்குப் பக்கத்தில் வலையைக் கழிகளால் அமிழ்த்தி, மேலே மீன் கூடியதும் தூக்குவார்கள். அந்த இரையைப் படகின் அடிவயிற்றில் கடல் தண்ணீர் ஓடவிட்டு உயிரோடு வைத்துக்கொள்வார்கள். பழைய 'தோணி'களில் இதற்காகவே அடிப்பலகையில் துளைகள் உண்டு. உள்ளே வரும் தண்ணீரை ஆட்கள் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். (அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள்.)

வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைப் பார்த்ததும் இரையை அள்ளி வீசி, தண்ணீரையும் தெளிப்பார்கள். பொடிமீன் துள்ளுகிறது என்று சூரை வெறி பிடித்து மேலே வரும். முள் இல்லாத தூண்டிலில் கடித்தவுடன் ஒரே சுண்டு, மீன் படகுக்குள். அடுத்தது. ஒரு கழிக்கு ஒரு நேரத்தில் ஒரு மீன்.

ஆகப் பார் இல்லையென்றால் இரை இல்லை, இரை இல்லையென்றால் சூரை இல்லை. பாரில் வாழும் பெரிய மீன்களை மாலத்தீவுக்காரர்கள் அதிகம் சாப்பிட்டதும் கிடையாது. சூரை இருக்கும்போது களவாயை யார் தேடுவார்? அவர்களுக்குப் பார் மீன்சந்தை இல்லை, இரைக்கிடங்கு. இதனால் ஒரு நல்லது நடந்தது. பல நூற்றாண்டுகள் மீனை நம்பியே வாழ்ந்த ஒரு சமூகத்தின் பார்களில், மீன் வற்றாமல் இருந்தது.

சோழியும் அங்கிருந்துதான். நாம் பல்லாங்குழிக்கு எடுக்கிற அதே சோழி ஒரு காலத்தில் வங்காளத்தில் காசு. மாலத்தீவு சோழியை அனுப்பியது, வங்காளம் அரிசியை அனுப்பியது. பார் அவர்களுக்கு ஒருவகையில் நாணயச்சாலையாகவும் இருந்திருக்கிறது.

பார் என்பது கல்குவாரி

மணலைத் தவிர வேறு எதுவும் இல்லாத தீவில் வீடு கட்டக் கல்லுக்கு எங்கே போவது? பாரைத்தான் வெட்டணும். பெரிய உருண்டைப் பவளங்களைத் தண்ணீருக்குள்ளிருந்து பெயர்த்து எடுத்து, ஈரமாக இருக்கும்போதே செதுக்குவார்கள். காய்ந்தால் இறுகிவிடும்.

மாலே நகரத்தின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல், ஹுகுரு மிஸ்கி, 1658இல் சுல்தான் முதலாம் இப்ராஹிம் இஸ்கந்தர் காலத்தில் இப்படிக் கட்டியதுதான். சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பூசாமல், தச்சு வேலை மாதிரிக் கல்லுக்குள் கல்லைக் கோத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க நுணுக்கமான செதுக்கல். இது போன்ற பவளக்கல் பள்ளிவாசல்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

பள்ளிவாசலும் சுல்தான் மாளிகையும் மட்டும் பவளக்கல்லில் எழும்பிய வரை பார் தாங்கியது. 1970களுக்குப் பிறகு காசு வந்தது, மாலேயில் ஜனம் கூடியது, ஓலை வீடுகள் கல்வீடுகளாக மாறின. ஆழமில்லாத பார்களை வெட்டி வெட்டி எடுத்தார்கள். 1980களின் பின்பகுதியில் அந்தப் பார்களை ஆராய்ந்தவர்கள், வெட்டி முடித்துப் பல வருஷம் ஆன இடங்களிலும் பவளம் திரும்ப வரவில்லை என்பதைக் கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ள எளியது. பவளக்குஞ்சு ஒட்டி வளர அசையாத தளம் வேண்டும். உருண்டைகளைப் பெயர்த்த இடத்தில் மிஞ்சுவது அலையில் உருளும் சல்லி. ஒட்டினாலும் நிற்காது. பிறகு கட்டுப்பாடுகள் வந்தன, சிமெண்ட் கல் வந்தது, வெட்டு குறைந்தது.

பார் என்பது மதில்

பார் தரும் மிகப் பெரிய உதவி, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத உதவி. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, பவளத்திட்டு சராசரியாக அலையின் ஆற்றலில் 97 சதவீதத்தைத் தணித்துவிடுகிறது. வெளிக்கடலில் ஆளுயர அலை, வீட்டு வாசலில் குழந்தை கால் நனைக்கும் தண்ணீர். நடுவில் இருப்பது பார் மட்டுமே.

மதில் இருக்கும்போது மதிலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? மாலே நகரம் இடம் போதாமல் தன் பாரின் மேல்தளத்தை நிரப்பித் தரையாக்கிக்கொண்டே வந்தது. 1987 ஏப்ரலில், வெகுதூரத்தில் தெற்கே எழுந்த புயலின் பேரலைகள் வந்து சேர்ந்தன. உள்ளூரில் புயலே இல்லை. ஆனால் கடல் ஊருக்குள் புகுந்தது, புதிதாக நிரப்பிய பகுதிகளில் சேதம் கடுமை. அதே வருஷம் அக்டோபரில் அதிபர் மௌமூன் அப்துல் கையூம் ஐ.நா. சபையில், கடல் மட்டம் உயர்ந்தால் தன் நாடு என்ன ஆகும் என்று பேசினார். அதன் பிறகு ஜப்பானிய உதவியோடு மாலேயைச் சுற்றி நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அலைதாங்கி கட்டினார்கள். இலவசமாக இருந்த மதிலின் இடத்தில், விலை கொடுத்த மதில்.

அந்தப் பாரே மணலும் செய்கிறது. பா அட்டோலில் வக்காரு தீவின் பாரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு கட்டுரை, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் தயாரிப்பு என்கிறது. கிளிமீன் பவளத்தைக் கொறித்துத் தின்று, மணலாகக் கழிக்கிறது. தேனிலவுக்குப் போய் வெள்ளை மணலில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

பார் என்பது காட்சி

1972இல் முதல் சுற்றுலா விடுதி திறந்தது. ஒரு தீவு, ஒரு விடுதி என்ற முறை. விடுதித் தீவைச் சுற்றிய பார் 'ஹவுஸ் ரீஃப்' ஆனது. அதுவரை படகைத் தட்டவைக்கும் மேடாகவும் இரைக்கிடங்காகவும் இருந்தது, பார்ப்பதற்கென்றே காசு கொடுக்கும் இடமாக மாறியது.

இந்த மாற்றத்தின் கணக்கை ஒரே ஒரு உதாரணம் காட்டிவிடும். 1993இல் வெளியான ஒரு சுறா மீன்பிடி அறிக்கை, 'ஃபிஷ் ஹெட்' என்ற முக்குளிப்பு இடத்தில் உயிரோடு சுற்றும் ஒரு சாம்பல் சுறா, வருஷத்துக்கு 33,500 டாலர் சம்பாதித்துக் கொடுப்பதாக மதிப்பிட்டது. அதே சுறாவைப் பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது 32 டாலர். 2010இல் சுறா பிடிப்பதற்கே நாடு முழுக்கத் தடை வந்தது.

கணக்கு சரிதான். ஆனால் அந்த 33,500 டாலர் யார் கையில் போய்ச் சேர்கிறது? விடுதிக்கும் முக்குளிப்புக் கடைக்கும். 32 டாலரை இழந்தவர் வேறு ஆள். தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதி வழியில் சுறா கடித்துக்கொண்டு போகிறது என்று மீனவர்கள் இப்போது புகார் சொல்கிறார்கள். விடுதிப் பாரின் எல்லைக்குள் இரை பிடிப்பதிலும் உரசல் உண்டு. மீனவனுக்கு அது தாத்தா காலத்து இரைக்கிடங்கு, விடுதிக்கு அது வாடிக்கையாளரின் நீச்சல் இடம். பார் ஒன்றுதான், கண்கள் இரண்டு.

இன்னொரு மாற்றமும் நடந்தது. விருந்தாளிகளுக்குத் தட்டில் பார் மீன் வேண்டியிருந்தது. வெளிநாட்டுச் சந்தைக்குக் களவாயும் கடல் அட்டையும் வேண்டியிருந்தது. கடல் அட்டை வியாபாரம் 1980களின் நடுவில் தொடங்கிய சில வருஷங்களுக்குள்ளேயே விலையுயர்ந்த வகைகள் அருகிப் போயின. தலைமுறைகளாகச் சும்மா விட்டு வைத்ததை, பத்து வருஷத்துக்குள் எண்ணி எடுத்துவிட்டார்கள்.

2009க்குப் பிறகு மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் தங்கும் விடுதி நடத்த வழி பிறந்தது. இது சின்ன விஷயமில்லை. தங்கள் ஊர்ப் பாரில் ஆமையும் சுறாவும் இருந்தால் தங்கள் வீட்டுக்கே காசு வரும் என்ற நிலை, சாதாரணக் குடும்பங்களுக்கு அப்போதுதான் வந்தது.

வெளுத்தால் என்ன ஆகும்?

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. சாப்பாட்டில் பெரும்பங்கு அதுதான் தருகிறது, நிறமும் அதனுடையது. கோடைகால உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் சாகும். 1998இல் மாலத்தீவின் ஆழமில்லாத பார்களில் பெரும்பகுதிப் பவளம் செத்தது. 2016இல் ஆய்வு செய்த பவளங்களில் சுமார் 60 சதவீதம் வெளுத்தது. 2024இல் திரும்பவும் வெளுப்பு.

இதை ஊர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தால் ஒன்று புரிகிறது. மரம் செத்தால் நிழல் போய்விடும். பவளம் செத்தால் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். அலை அடுத்த நாளும் அங்கேயே உடையும், இரை மீனும் உடனே காணாமல் போகாது. 1998க்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷத்தில் பல பார்கள் தேறியும் வந்தன. அதனால் "போனது திரும்பி வரும்" என்று ஒருவர் நினைத்தால் அது அறியாமை இல்லை, கண்ணால் கண்ட அனுபவம். சிக்கல் என்னவென்றால், தேறுவதற்குப் பத்து வருஷம் வேண்டும். அடுத்த வெப்ப அலை அதற்கு முன்னாலேயே வந்து நின்றால்? எலும்புக்கூடு கரையத் தொடங்கினால்தான் மதில் போனது வீட்டுக்குத் தெரியும்.

இப்போது பார் என்பது மனைநிலம்

நாட்டு ஜனத்தொகையில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு மாலே வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறது. ஒற்றை அறைக்குப் பெரிய வாடகை. நல்ல ஆஸ்பத்திரி, கல்லூரி என்றால் அங்கேதான் வர வேண்டும். 1997இல் ஒரு ஃபல்ஹுவை நிரப்பத் தொடங்கி ஹுல்ஹுமாலே என்ற புது நகரத்தை எழுப்பினார்கள். அதன்பின் அட்டோல் அட்டோலாக மணல் வாரி நிரப்பும் வேலை. 2020இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற அட்டூவிலேயே பெரிய அளவில் நிரப்பினார்கள். குல்ஹுதுஃபுஷித் தீவில் விமான நிலையத்துக்காகச் சதுப்பு அலையாத்திக் காட்டின் பெரும்பகுதியை மூடினார்கள். அந்தச் சதுப்பில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டுக் கயிறு திரித்துப் பிழைத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். ஆனால் அதே ஊரில் விமான நிலையம் வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

இதில் வில்லனைத் தேடுவது சுலபம். எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் படகில் பல மணி நேரம் போக வேண்டிய தகப்பனிடம், "பாரைத் தொடாதே, அது உலகத்தின் சொத்து" என்று சொல்ல எனக்கு என்ன யோக்யதை? அவருக்குத் துறைமுகம் வேண்டும். துறைமுகம் என்றால் பாரை வெட்டித்தான் வாய்க்கால் போட வேண்டும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். இரைக்கிடங்கு, நாணயச்சாலை, கல்குவாரி, மதில், காட்சி என்று பார் எத்தனையோ வேஷம் போட்டிருக்கிறது. குவாரிக் காலத்தில் சேதம் பெரிசு. என்றாலும் அப்போதுகூட அது ஒரு பொருளாக, இருந்தால் உதவுகிற ஒன்றாகத்தான் கண்ணில் பட்டது. மனைநிலம் என்ற பார்வை வேறு மாதிரி. அதில் பார் என்பது இன்னும் நிரப்பாத காலி இடம். மாசி போடுகிறவர் குறைந்து, இளைஞர்கள் மாலேயில் அலுவலக வேலைக்குப் போன பிறகு, ஒரு ஊருக்குத் தன் பாரோடு தினசரிப் பழக்கம் விட்டுப்போகிறது. பழக்கம் விட்ட இடம் காலி இடமாகத் தெரிவது இயல்புதானே. பாரை வெட்டியவர்களைவிட, பாரை மறந்தவர்களின் காலம்தான் அதற்கு ஆபத்து.

நம் கரையிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டினோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. வான் தீவு தேய்ந்து, இப்போது செயற்கைப் பார் போட்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறோம். அந்தத் தீவுகளில் யாரும் குடியில்லை, அதனால் ஊரில் யாரும் அழவில்லை. மாலத்தீவில் அப்படி இருக்க முடியாது. அங்கே பார்தான் ஊர்.

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கடையில் மாசி கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டிப் பார்த்தேன், ஆச்சி அம்மியில் கேட்ட அதே சத்தம். சூரை வெளிக்கடலில் பிறந்தது. அதைப் பிடிக்க உதவிய பொடிமீன் மட்டும் எங்கோ ஒரு பாரின் ஓரத்தில் பிறந்திருக்கும். அந்தப் பார் இப்போதும் இருக்கிறதா, மனையாகிவிட்டதா என்ற நினைப்போடுதான் அன்றைக்குச் சம்பல் அரைத்தேன்.